கெட்டி வசந்தாமணி

எங்கள் பக்கத்தில் கெட்டி என்ற வார்த்தைக்கு வேலை அதிகம். தயிர் கெட்டி, சாயம் கெட்டி, ஆயுசு கெட்டி. போர் போடும் ரிக் வண்டிக்காரர் மட்டும் "கெட்டிப் பாறைங்க" என்று சொன்னால் தோட்டத்துக்காரர் தலையில் கை வைத்துக்கொள்வார். மற்றபடி எல்லாம் நல்ல வார்த்தைதான். ஆள் மேல் போடும்போதுதான் அதன் குணம் தெரியும். ஒரு பொம்பளையை "அவ கெட்டிடா" என்று நாலு பேர் சொல்லிவிட்டால், அதற்கப்புறம் அவளுக்காக யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சுமையை அவள் தலையில் ஏற்றிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விடலாம்.

வசந்தாமணி அக்காவுக்கு அப்படித்தான் நடந்தது. அவள் வீட்டுக்கு எதிர்வீடு எங்களது. தையல் மிஷினை மிதித்துக்கொண்டே அவள் வாசலைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயசாகிவிட்டது. என் மனசு அப்படியொன்றும் கெட்டி கிடையாது. வாய்தான் நீளம்.

அக்காவுக்கு அந்தப் பட்டம் வந்தது அவள் புருஷன் மயில்சாமி செத்த அன்று. கிணற்று மோட்டாரைத் தூக்க இறங்கியவர் கால் வழுக்கி உள்ளே போய்விட்டார். ஊரே கிணற்றடியில் கூடி நின்றது. "கவுறு எங்க அம்மிணி?" என்றார்கள், மோட்டார் ரூமைக் காட்டினாள். "கட்டில் எங்க?" என்றார்கள், எடுத்துப் போட்டாள். "அவியண்ணன் நம்பர் இருக்குதா?" என்றார்கள், மனப்பாடமாகச் சொன்னாள். கன்றுக்குட்டி கத்தியது, அதை அவிழ்த்துத் தாயிடம் விட்டாள். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. எழவு வீட்டிலேயே பேச்சு கிளம்பிவிட்டது: "கெட்டி மனசுடா சாமி!"

ரொம்ப நாள் கழித்து, ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தவளிடம் நானே கேட்டேன். "அன்னைக்கு எப்படீங்க்கா அழுவாம இருந்தீங்க?"

"அழுவலாம்னுதான் இருந்தேன்" என்றாள். "ஆளாளுக்கு அது எங்க, இது எங்கன்னு கேட்டுட்டே இருந்தாங்க. எல்லாத்துக்கும் பதிலு சொல்லி முடிச்சுட்டு அழுவலாம்னு பாத்தா, அதுக்குள்ள கெட்டின்னு சொல்லிப் போட்டாங்க. அப்பறம் எப்படி அழுவறது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் பொக்கென்று போய்விட்டது.

சங்ககிரியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஊர் எங்களுடையது. இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் லாரி ஓட்டுகிறவர் இருப்பார். லாரி என்றால் போகும், வரும். சில சமயம் வராது. எங்கோ வடக்கே வண்டி கவிழ்ந்தால் போலீஸ்காரர் லாரி ஆபீசுக்குப் போன் செய்வார். ஆபீஸ் மேனேஜர் செத்தவன் வீட்டுக்குப் போன் செய்ய மாட்டார். பொம்பளை தனியாக இருப்பாள், போனில் கேட்டு விழுந்துவிட்டால் யார் தூக்குவது? ஊரில் ஒருவரைக் கூப்பிட்டுச் சொல்லி, அவர் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அதுதான் பழக்கம். யார் போவது? ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. கெட்டி மனசுக்காரி ஒருத்தி இருக்கிறாளே, அவள் போகட்டும்.

எழவு சேதி சொல்ல ஒற்றை ஆளாகப் போகக் கூடாது. துணைக்கு நான் போவேன். அக்காவுக்கு என்று ஒரு முறை இருந்தது. உள்ளே போனதும் முதலில் அடுப்பை அணைப்பாள். குழந்தைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவாள். கட்டிலில் உட்கார விடமாட்டாள், தரையில் உட்கார வைப்பாள். விழுந்தாலும் அடிபடாது. அதற்கப்புறம் பெயரைச் சொல்லி, நடந்ததைச் சொல்லி, போய்விட்டார் என்பதையும் சொல்லிவிடுவாள். சீரியசாக இருக்கிறார், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்ற பூசி மெழுகும் வேலையெல்லாம் அவளிடம் கிடையாது. ஒரே தடவை, முழுசாக.

கேட்ட பொம்பளைகள் உடனே அழுவார்கள் என்றுதானே நினைப்போம்? இல்லை. ஒருத்தி, "இப்பத்தானுங்க பேசுனாரு" என்றாள். ஒருத்தி, "மாவாட்டி வெச்சுட்டனே" என்றாள். இன்னொருத்தி கொடியில் காயும் வேட்டியைப் பார்த்து, "அது ஈரங்க, இன்னும் காயல" என்றாள். அதற்கப்புறம்தான் அலறல். அலறலை நான் மறந்துவிடுவேன். அந்த முதல் பேச்சுதான் வசந்தாமணி அக்காவை விடவில்லை. பால் கறக்கும்போது காதுக்குள் கேட்கிறது என்பாள். கறந்துகொண்டே இருப்பவள் திடீரென்று திரும்பிப் பார்ப்பாள். யாரும் இருக்க மாட்டார்கள். "ஈரங்கன்னு சொன்னாப்பல இருந்துச்சு" என்பாள்.

போகப் போக ஊர் அவளைக் கண்டே நடுங்க ஆரம்பித்தது. அக்கா உறை மோர் கேட்டு ஒரு வீட்டுக்குப் போனாள். வாசலில் அவள் தலை தெரிந்ததும் அந்த வீட்டு மருமகள் அரிசி முறத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து யார் வீட்டுக்குப் போனாலும் தெரு முக்கிலிருந்தே, "சும்மாத்தான் வாரேன்! சும்மாத்தான்!" என்று கத்திக்கொண்டு போவாள். தெருப் பிள்ளைகள் அதைப் பாட்டாகப் பாடி விளையாடின. எனக்குக் கோபம் கோபமாக வரும். சேதி சொல்ல அவளை அனுப்புகிறவர்களும் இவர்கள்தான், அவள் நிழல் பட்டால் ஆகாது என்று கதவைச் சாத்துகிறவர்களும் இவர்கள்தான்.

இந்த லட்சணத்தில்தான் தமிழரசு விஷயம் வந்தது.

தமிழரசும் சிவக்குமாரும் சோட்டாளிகள், கூடவே வளர்ந்த சிநேகிதர்கள். ஒரே முதலாளியிடம் ஆளுக்கொரு லாரி ஓட்டினார்கள். இப்போதெல்லாம் ஆள் கிடைப்பதில்லை, ஒரு வண்டிக்கு ஒரே டிரைவர்தான். சிவக்குமார் குஜராத்தில் பஞ்சு ஏற்றிக்கொண்டு ஊர்ப் பக்கம் வந்துகொண்டிருந்தான். தமிழரசு இங்கிருந்து ஜவ்வரிசி மூட்டையோடு வடக்கே போய்க்கொண்டிருந்தான். அந்த வாரம் தமிழரசு மகளுக்குக் காதுகுத்து. ஒறம்பரை, சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. அப்பன் வர முடியாது என்று தெரிந்ததும் அவன் பொண்டாட்டி சத்யபிரியா போனிலேயே சண்டை போட்டு, அதற்கப்புறம் பேசாமல் இருந்தாள்.

ஒரு நாள் விடிந்தும் விடியாமல் மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டார். சோலாப்பூர் தாண்டிப் பஞ்சு வண்டி தீப்பிடித்துவிட்டது, கேபினோடு போச்சு, சிவக்குமார் இல்லை என்றார்.

போனோம். சிவக்குமார் பொண்டாட்டி சௌந்திரம் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா அடுப்பை அணைத்தாள், உட்கார வைத்தாள், சொன்னாள். கொஞ்ச நேரத்தில் வீடு நிறைந்துவிட்டது. முதல் ஆளாக ஓடி வந்தவள் சத்யபிரியா. சௌந்திரத்தை மடியில் போட்டுக்கொண்டு, வளையலை உடைக்கப் போன கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அவள்தான் எல்லாரையும் விட அதிகமாக அழுதாள்.

"எங்கூட்டுக்காரரு வடக்க போயிருக்காருங்க. பக்கத்துல இருந்திருந்தா அவரே போயித் தூக்கிட்டு வந்திருப்பாரு" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

மத்தியானம் சாமியானா பந்தல் போட ஆள் வந்த நேரம். சௌந்திரத்தின் போன் அடித்தது. எடுத்த பெண் அதைக் கீழே போட்டுவிட்டு வீல் என்று கத்தினாள். சிவக்குமார் பேசினான். "என்ன அங்க ஒரே சத்தமா இருக்குது? போனு தண்ணியில உழுந்துருச்சு, இப்பத்தான் இந்தூர்ல வேற போனு வாங்கிச் சிம்மைப் போட்டேன்" என்றான்.

அந்த வீட்டில் அப்போது எழுந்த சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்றே தெரியவில்லை. "ஆயுசு கெட்டிடா உனக்கு! நூறு வயசுடா!" என்று கிழவர்கள் போனைப் பார்த்துக் கத்தினார்கள். சத்யபிரியா சமையலறைக்கு ஓடி, சர்க்கரை டப்பாவை எடுத்து வந்து, சிரித்துக்கொண்டே ஒவ்வொருவர் வாயிலும் போட்டாள். என் வாயிலும் போட்டாள்.

வசந்தாமணி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. போனைக் கையில் வாங்கி, "சிவக்குமாரு, அப்ப அந்த லாரியில யாரு சாமி?" என்று கேட்டாள்.

ஸ்பீக்கரில் இருந்தது போன். எல்லாருக்கும் கேட்டது.

"தமிழு தாங்க்கா" என்றான். "வழியில தாபாவுல பாத்துக்கிட்டம். பாப்பா காதுகுத்துக்குப் போயே ஆவோணும்னு ஒரே புடியா நின்னான். செரின்னு வண்டிய மாத்திக்கிட்டம். ஆபீசுக்குச் சொல்ல வேண்டாம், அவ கிட்டயும் சொல்லீராத, திடீர்னு போயி நிக்கோணும்னான். ஏனுங்க்கா?"

சத்யபிரியா சர்க்கரை டப்பாவோடு நின்றாள். அவளிடமிருந்து எல்லாரும் ஒரு அடி விலகினார்கள். அப்புறம் எல்லார் கண்ணும் வசந்தாமணி அக்கா பக்கம் திரும்பியது. ஒருத்தரும் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. நீ கெட்டி, நீயே சொல்லு.

அணைக்க அடுப்பில்லை. உட்கார வைக்க அது அவள் வீடும் இல்லை. அக்கா அவள் தோளைப் பிடித்துப் பெயரைச் சொல்லி, நடந்ததைச் சொல்லி, ஒரே தடவையில் முழுசாகச் சொன்னாள். குரல் நடுங்கவில்லை.

சத்யபிரியா முதலில் என்ன சொன்னாள் தெரியுமா? "இல்லீங்க்கா. காத்தால இதே மாதிரிதான சிவக்குமாரண்ணனுக்கும் சொன்னீங்க?" என்றாள்.

அவ்வளவுதான். அலறல் வரவில்லை. நாங்கள் அதற்காகக் காத்துக்கொண்டே இருந்தோம்.

கொண்டுவந்தது ஒரு சின்னப் பெட்டி. திறக்க வேண்டாம் என்று போலீசிலேயே சொல்லிவிட்டார்கள். தமிழரசுவின் அப்பாவிடம் ரத்தம் எடுத்துப் பார்த்து, அவன்தான் என்று சொன்னார்கள். சிவக்குமார் அழுதுகொண்டே சத்யபிரியா காலில் விழுந்தான். ஒன்றுக்கும் அவள் அசையவில்லை. தாலியில் கை வைக்க வந்த பெரியம்மாவைத் தள்ளிவிட்டாள். "வண்டிய ஒருக்கா மாத்துனவரு இன்னொருக்கா மாத்தியிருக்க மாட்டாரா?" என்று கேட்டாள். மகள் காதுகுத்தையும் தள்ளி வைத்தாள். அப்பா வரட்டும் என்றாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தினமும் பொழுது சாய வசந்தாமணி அக்கா வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். பொட்டு வைத்து, தலை நிறையப் பூ வைத்து, கேட்டுக்கு வெளியே நின்று, "அக்கா, சேதி ஏதாச்சும் வந்துதுங்களா?" என்பாள். ஊரில் சேதி முதலில் வரும் வீடு அதுதானே. அக்கா இல்லை என்று தலையாட்டுவாள். "செரீங்க்கா, நாளைக்கு வாரேன்" என்று போய்விடுவாள். அழுகை இல்லை, சண்டை இல்லை. அப்படியொரு சாந்தமான முகம். மிஷினில் ஊசிக்கு நூல் கோர்த்துக்கொண்டிருக்கும் எனக்கு அந்த முகத்தைப் பார்த்தால் நூல் ஊசிக் காதில் நுழையாது.

ஊரே சேதி கேட்டு நடுங்கிய காலம் போய், சேதிக்காரியே நடுங்கும் காலம் வந்தது. பொழுது இறங்க இறங்க அக்கா வீட்டுக்குள் நிலை கொள்ளாமல் நடப்பாள். விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருப்பாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவளுக்கு வந்தது அதைவிட மோசம். ஒரு நாள் என்னிடம் வந்து குசுகுசுவென்று கேட்டாள். "ஏம் புள்ள, ஒருவேளை இருக்குமோ?"

"என்னதுங்க்கா?"

"மாத்தியிருப்பானோ? நாந்தான் ஒருக்கா தப்பாச் சொன்னவளாச்சே. இதும் தப்பா இருந்துட்டா? நேத்து ரோட்டுல ஒரு லாரி நின்னுச்சு. டிரைவரு எறங்கி டயரத் தட்டிப் பாத்தான். முதுகு அப்படியே தமிழரசு முதுகு. பக்கத்துல போயிப் பாத்தேன். ஆரோ."

உயிரோடு இருந்த சிவக்குமாரைச் சாகடித்தவள், செத்தவனை எழுப்பிக்கொண்டிருந்தாள். சிவக்குமார் வீட்டிலும் நிலைமை அப்படித்தான். அவன் தூங்கும்போது சௌந்திரம் மூக்குக்குக் கீழே கையை வைத்துப் பார்க்கிறாளாம். ஆயுசு கெட்டி என்று ஊர் சிரித்தது. அவன் லாரிச் சாவியைத் தொடவே மறுத்துவிட்டான்.

கடைசியில் தமிழரசு வீட்டுப் பெரியவர்கள் நாலைந்து பேர் அக்காவிடம் வந்தார்கள். பிள்ளை வளர்கிறது, காது குத்த வேண்டும். இவள் இப்படிப் பூவும் பொட்டுமாகத் தெருவில் நடந்தால் ஒறம்பரைக்கு நாங்கள் என்ன சொல்வது? நீங்கள்தான் போய் இன்னொரு தடவை சொல்ல வேண்டும், அழுத்திச் சொல்ல வேண்டும் என்றார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, அவ உங்கூட்டு மருமவதான? நீங்களே சொல்றது?" என்றேன்.

"எங்களுக்கு மனசு தாங்காது அம்மிணி. வசந்தாமணின்னா கெட்டி" என்றார் பெரியவர். அந்த ஆளை அப்போது நான் முறைத்த முறைப்பில் அவர் வெற்றிலைப் பையை விட்டுவிட்டே போய்விட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். "போயிட்டு வந்தர்லாம் வா" என்றாள். "நெசந்தான்னு எனக்கே ஒருக்கா சொல்லிக்கோணுமில்ல?"

மறுநாள் மத்தியானம் போனோம். அக்கா தெருவில் எதுவும் கத்தவில்லை. சத்யபிரியா வீட்டில் கறிக் குழம்பு கொதிக்கிற வாசனை. எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "வாங்க்கா! நானே பொழுதோட வரலாம்னு இருந்தேன்" என்றாள். அக்கா வழக்கம்போல் அடுப்பை அணைத்தாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டு வந்தேன். சத்யபிரியா தானாகவே தரையில் உட்கார்ந்தாள். எதிரே அக்கா.

"சொல்லுங்க்கா. எங்க இருக்காராம்?"

அக்கா வாயைத் திறந்தாள். தமிழரசு என்ற பெயர் வரவில்லை. மறுபடியும் திறந்தாள். தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. மாடு கத்துவது மாதிரி. எனக்கு முதலில் அவள்தான் கத்துகிறாள் என்றே புரியவில்லை. அப்படியே குனிந்து தரையில் தலையை முட்டிக்கொண்டு, "ஏனுங்க, கவுறு மோட்டாரு ரூம்லதான இருந்துச்சு, நாந்தான எடுத்துக் குடுத்தேன், ஏனுங்க" என்றாள். யாரிடம் பேசுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. மயில்சாமி மாமா செத்து எத்தனை வருஷம்! அத்தனை வருஷத்து அழுகையும் ஒன்றாகக் கிளம்பி வந்தது. ஈரங்க, காயல என்றாள். மாவாட்டி வெச்சுட்டனே என்றாள். எந்தெந்த வீட்டுப் பொம்பளைகளோ அவள் வாயால் பேசினார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சத்யபிரியா பதறிப்போய் அவளைத் தூக்கி மடியில் சாய்த்துக்கொண்டாள். "அழுவாதீங்க்கா, என்னாச்சுங்க்கா, அழுவாதீங்க" என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். தடவிக்கொண்டே இருந்த கை மெதுவாக நின்றது.

"அக்கா" என்றாள். "நீங்க அழுவறீங்களே?"

அக்கா அவள் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"நீங்க அழுவ மாட்டீங்களே, அக்கா" என்றாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப நெசந்தானுங்களா?"

நான் தலையாட்டினேன். நாங்கள் இத்தனை நாள் காத்திருந்த அலறல் அப்போதுதான் வந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுததைப் பார்க்க ஊரே வாசலில் கூடிவிட்டது. அக்கா சொன்னபோது நம்பாதவள், அவள் சொல்ல முடியாமல் போனதும் நம்பிவிட்டாள். கூட்டத்தில் ஒருத்தி, "இவளப் போயிக் கெட்டின்னு நெனச்சமே" என்று முகவாயில் கை வைத்தாள். அக்கா ஏதோ ஏமாற்றிவிட்ட மாதிரி.

காதுகுத்து தைப்பூசம் கழித்து நடந்தது. சத்யபிரியா இப்போதும் பொழுது சாய அக்கா வீட்டுக்கு வருகிறாள். எதுவும் கேட்பதில்லை. இரண்டு பேரும் கதவோரம் உட்கார்ந்து அவரைக்காய் உரிப்பார்கள், இல்லையென்றால் சும்மா இருப்பார்கள். ரோட்டில் லாரி வேகத்தைக் குறைத்தால் மட்டும் இரண்டு தலையும் ஒன்றாக நிமிரும். லாரி போன பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள்.

போன மாதம் மேனேஜர் மறுபடியும் போன் செய்தார். அக்கா, "என்னால ஆவாதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஊரில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. யார் யாரையோ கேட்டார்கள். எல்லாருக்கும் மனசு தாங்காது. கடைசியில் நானும் தெருப் பொம்பளைகள் இரண்டு மூன்று பேரும் போனோம். எங்களுக்கு ஒரு முறையும் தெரியவில்லை. அடுப்பை அணைக்க மறந்துவிட்டோம், பால் பொங்கி வழிந்தது. செத்த டிரைவர் பொண்டாட்டியைப் பார்த்ததும் நான் அழுதுவிட்டேன். அழுகையிலேயே பாதி விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது, மீதியை உளறிக் கொட்டினேன். எப்படியோ சேதி போய்ச் சேர்ந்தது. நாங்களும் அவளோடு சேர்ந்து பொழுதடையும் வரை அழுதோம்.

வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, கூட வந்த ஒருத்தி மூக்கைச் சிந்திவிட்டு என்னைப் பார்த்தாள். "பரவால்லீங்க்கா, நீங்க நல்லாவே சொன்னீங்க. நீங்களும் கெட்டிதான்" என்றாள்.

நடுத்தெரு என்றுகூடப் பார்க்காமல் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டேன். "தாயே, அந்த வார்த்தைய மட்டும் எம்மேல போட்டுறாத" என்றேன்.